திவாலான நாட்டில் ஒரு ஜனாதிபதித் தேர்தல்: இலங்கை 2024

[திரையில்: இலங்கை வாக்குச்சீட்டு, நீளமாக, மேலிருந்து கீழே நகர்கிறது]

வணக்கம். நீங்கள் பார்ப்பது 2024 செப்டம்பர் 21 அன்று இலங்கையில் மக்கள் கையில் கொடுக்கப்பட்ட ஓட்டுச் சீட்டு. 39 பெயர்கள். அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக நின்றார். அவர் பெயருக்கு நேரே உள்ள சின்னத்தைப் பாருங்கள். கேஸ் சிலிண்டர்.

வீட்டுச் சமையலுக்கான 12.5 கிலோ சிலிண்டர் 2021-ல் 1,500 ரூபாய்க்குள் கிடைத்தது. 2022 ஏப்ரலில் அதன் விலை 4,860. அந்தப் பணத்தைக் கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்காது, காலி சிலிண்டரோடு நாள் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, 'அந்த வரிசையை முடித்தது நான்' என்று ஓட்டுக் கேட்ட மனிதரின் சின்னமும் சிலிண்டர்தான். அந்தத் தேர்தல் எதைப் பற்றியது என்று சொல்ல இந்த ஒரு சின்னம் போதும்.

[திரையில்: வரைபடம். நுவரெலியா, அட்டன், பதுளை. பிறகு தலைமன்னார், இராமேஸ்வரம், செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை]

கேரளத்தின் குளத்துப்புழையிலும் புனலூரிலும் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? இங்கே ஆர்.பி.எல். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் வீடுகளில் கேளுங்கள். தாத்தாவோ பாட்டியோ சிலோன் மலைகளில் கொழுந்து பறித்தவர்களாக இருப்பார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1976-ல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டம் நடத்தும் இந்த ஆர்.பி.எல். கம்பெனியைத் தொடங்கின. அக்கரையில் தங்கிவிட்ட அண்ணன் தம்பி குடும்பங்களுக்குப் பின்னாளில் குடியுரிமை கிடைத்தது, ஓட்டும் கிடைத்தது. 2024-ல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களில் அவர்களும் உண்டு.

கேரளத்தில் இந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டால், 'அங்கே ஒரு கம்யூனிஸ்ட் ஜெயித்துவிட்டார்' என்று பலரும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது போதாது. கடனைக் கட்ட முடியாமல் விழுந்த ஒரு நாட்டில் தேர்தல் நடக்கும்போது, வேட்பாளர்கள் எதை வாக்குறுதியாகக் கொடுக்க முடியும்? நாட்டைத் தூக்கி நிறுத்தும் செலவு யார் தலையில் விழுகிறது? என் பார்வையில் இந்த இரண்டாவது கேள்விதான் 2024-ன் உண்மையான தேர்தல் அறிக்கை.

[திரையில்: காலிமுகத்திடல், 2022]

நாடு விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச ஜெயித்தார். வந்தவுடன் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார். அரசு வருமானம் சரிந்தது. கோவிட் வந்து சுற்றுலா நின்றது. 2021-ல் ரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள், நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. கையிருப்பு டாலர் கரைந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. டாலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தாண்டியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இதற்கு நடுவில் ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள், கோத்தபய மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் போய், அங்கிருந்து ராஜினாமா செய்தார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். ஜூலை 20 அன்று புதிய ஜனாதிபதியை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது, மக்கள் அல்ல. ரணிலுக்கு 134 ஓட்டு. 2020 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். அவரை ஜெயிக்க வைத்தது, மக்கள் யாரைத் துரத்தினார்களோ அந்த ராஜபக்ச கட்சியின் உறுப்பினர்கள். அதே வாக்கெடுப்பில், 2024-ல் ஜெயிக்கப்போகிற இடதுசாரி ஜே.வி.பி. கட்சித் தலைவர் அனுர குமார திசாநாயக்கவுக்கு 3 ஓட்டு.

அப்புறம் 2023 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் வரவேண்டும். பணம் இல்லை என்று சொல்லி நடத்தவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதாவது விலை ஏறியபோது, வரி ஏறியபோது, மின்கட்டணம் ஏறியபோது, நாடு முழுக்க மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல ஒரு தேர்தல்கூட இல்லை. 2024 செப்டம்பர்தான் முதல் வாய்ப்பு. ஏறத்தாழ 79 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

[திரையில்: 300 கோடி டாலர்]

இப்போது பணத்தின் கணக்கு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம், அதாவது ஐ.எம்.எஃப்., நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் முக்கியமான நிபந்தனை: வட்டியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 2025 முதல் அரசின் வரவு செலவை விட அதிகமாக இருக்க வேண்டும், நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம் அளவுக்கு. இது சின்ன எண் போலத் தெரியும். ஆனால் எந்த வேட்பாளர் மேடை ஏறி எதைத் தருவேன் என்று சொன்னாலும், அந்தப் பணத்தை வேறு எங்கிருந்து எடுப்பார் என்று உடனே கேட்க வைக்கும் எண் இது.

அதை எட்ட அரசு எடுத்த வழி என்ன? வாட் வரி 8-லிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம். கோடீஸ்வரரும் கொழுந்து பறிக்கிறவரும் கடையில் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். வருமானம் முழுக்கச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் போகிற வீட்டில் அது அதிகமாக வலிக்கும்.

இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. பி.எஃப். பிடித்தம் உள்ள ஒவ்வொரு தொழிலாளியும் இதைக் கேட்க வேண்டும். 2023-ல் உள்நாட்டுக் கடனையும் மாற்றி அமைத்தார்கள். அரசின் கடன் பத்திரங்கள் வங்கிகளிடமும் இருந்தன, தொழிலாளர்களின் சேமலாப நிதியிடமும் (நம் பி.எஃப். போன்றது) இருந்தன. வங்கிகளை விட்டுவிட்டார்கள். அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, கை வைத்தால் வங்கிகளே விழுந்துவிடும் என்று அரசு காரணம் சொன்னது. சேமலாப நிதியின் பழைய பத்திரங்களுக்குப் பதில் 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும் புதிய பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. ஒப்புக்கொள்ளாவிட்டால் நிதியின் வருமானத்துக்கு உள்ள 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். நிதிக்கு வேறு வழி என்ன இருந்தது? வங்கி விழக்கூடாது என்பது சரிதான். ஆனால் ஆயுள் முழுக்க உழைத்தவரின் ஓய்வுக்காலக் காசில் அந்தப் பாரத்தை ஏற்றியது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

[திரையில்: மூன்று சின்னங்கள். சிலிண்டர், தொலைபேசி, திசைகாட்டி]

இந்த நிலத்தில்தான் பிரச்சாரம் நடந்தது. ரணிலின் வாதம் எளிமையானது: எல்லோரும் ஒதுங்கி நின்றபோது நான் வந்தேன், வரிசை முடிந்தது, விலை நின்றது, இப்போது ஆளை மாற்றினால் மறுபடி விழுவோம். அதில் உண்மை உண்டு. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. ஆனால் விலை ஏறாமல் நிற்பது வேறு, ஏறிய விலை இறங்குவது வேறு. சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. உலக வங்கிக் கணக்குப்படி நாலில் ஒருவர் வறுமையில் இருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச, அனுர இருவரும் ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவோம் என்று சொல்லவில்லை. மறுபடி பேசுவோம், சுமையைக் குறைப்போம் என்றார்கள். பொருளாதாரத்தில் மூவருக்கும் இடையே தூரம் குறைவு. அதனால் போட்டி வேறு இடத்துக்கு நகர்ந்தது: இந்தக் கணக்கை யாரை நம்பி ஒப்படைப்பது? ரணில் முன்னாள் ஜனாதிபதி ஜெயவர்தனவின் நெருங்கிய உறவினர். சஜித்தின் அப்பா ஜனாதிபதியாக இருந்தவர். இன்னொரு வேட்பாளர் நாமல் ராஜபக்சவின் அப்பாவும் அப்படியே. ஊழல் பணத்தை மீட்பேன், பழைய குடும்பங்களின் ஆட்சியை முடிப்பேன் என்று அனுர பேசியது அதனால்தான் எடுபட்டது. 2019-ல் அவருக்கு வெறும் 3 சதவீதம் ஓட்டு.

வாக்களிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, இலங்கையின் கடன் பத்திரங்களை வைத்திருந்த வெளிநாட்டு முதலீட்டாளர்களுடன் ஏறத்தாழ 1,250 கோடி டாலர் கடனை மாற்றி அமைக்கக் கொள்கை அளவில் உடன்பாடு வந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அடுத்து யார் வந்தாலும் அந்தக் காகிதம் மேசையில் காத்திருக்கும்.

[திரையில்: கொட்டகலை, மே தினம் 2024]

சரி, நம் சொந்தங்களுக்கு வருவோம். 2021 முதல் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபாய். விலைவாசி தலைகீழான காலம் முழுக்க அதே ஆயிரம்தான். கணக்குச் சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மேடையில் ரணில் 1,700 ரூபாய் அறிவித்தார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு வந்த அரசிதழில் அடிப்படைச் சம்பளம் 1,350. அன்றைய மாற்று விகிதத்தில் நம் காசுக்கு ஏறத்தாழ 375 ரூபாய்.

தொழிலாளர் காங்கிரஸ் ரணில் பக்கம். மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம். அனுரவின் ஜே.வி.பி. மீது, மலையகம் என்று சொல்லும் இந்தத் தோட்டப் பகுதியில் பழைய கசப்பு உண்டு. 1971 கிளர்ச்சிக்கு முன்பு அந்தக் கட்சி நடத்திய வகுப்புகளில் ஒன்று 'இந்திய விரிவாக்கவாதம்' பற்றியது. தோட்டத் தமிழர்களை அதன் கருவியாகப் பார்த்த பேச்சு அது. பெரியவர்கள் அதை மறக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடம், ரணில் இரண்டாவது, அனுர மூன்றாவது.

[திரையில்: 1, 2, 3]

நம் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மக்களே நேராக. ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். 1, 2, 3 என்று விருப்பம் குறிக்கலாம். யாருக்கும் பாதி வராவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். இலங்கை வரலாற்றில் முதல் முறையாக 2024-ல் அது நடந்தது. முதல் எண்ணிக்கையில் அனுர 56,34,915 ஓட்டு, 42.31 சதவீதம். சஜித் 32.76. ரணில் 17.27.

ரணிலும் மற்றவர்களும் விலக்கப்பட்டபோது பார்க்க வேண்டிய சீட்டுகள் ஏறத்தாழ 33 லட்சம். அதிலிருந்து அனுரவுக்கும் சஜித்துக்கும் சேர்த்துப் போனது 2,73,000 ஓட்டுதான். மற்றவர்கள் 1 மட்டும் போட்டுவிட்டார்கள், அல்லது விலக்கப்பட்ட வேறு ஆட்களுக்கே 2, 3 போட்டார்கள். இந்த ஓட்டுப் போடும் முறையை மட்டும் நன்றாக விளக்கியிருந்தால், மலையகத்தில் ரணிலுக்குப் போட்ட சீட்டுகளும் கடைசி முடிவில் பேசியிருக்கும். இறுதியில் அனுர 55.89, சஜித் 44.11.

[திரையில்: செப்டம்பர் 23, பதவியேற்பு]

பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 4 அன்று, பழைய அரசு பேசி முடித்த அந்தப் பத்திர உடன்பாட்டைப் புதிய அரசும் ஏற்றது. வாட் 18-லேயே நிற்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு வருமான வரி வரம்பை உயர்த்தினார்கள். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அனுரவின் கூட்டணி 225-ல் 159 இடம் பிடித்தது. இரண்டு மாதம் முன்பு மூன்றாவதாக வந்த நுவரெலியாவில் முதலிடம், யாழ்ப்பாணத்திலும் முதலிடம். 2025 நவம்பர் பட்ஜெட்டில் தோட்டச் சம்பளம் 1,750 என்று அறிவித்தார்கள். அதில் 1,550 கம்பெனி தர வேண்டும், ஒழுங்காக வேலைக்கு வந்தால் 200 அரசு தரும்.

அறிவிப்புக்கும் கையில் வரும் காசுக்கும் இடையே என்ன நடக்கும் என்பதை 2024-ல் பார்த்துவிட்டோம். மலையகத்தில் உங்கள் சொந்தங்கள் யாராவது இப்போது தோட்டத்தில் பேர் போடுகிறார்கள் என்றால், அரைப்பேர் கழித்து மாதம் எவ்வளவு வருகிறது, அந்த 200 தனியாக வருகிறதா என்று கேட்டு, கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்தச் சம்பளச் சீட்டுகளை வைத்துப் பேசலாம்.