ரயிலா, படிக்கட்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் தெருமுனையில் ஒரு கோயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்காவாக இருக்கலாம், சர்ச்சாக இருக்கலாம். ஒரு நாள் காலையில், சுரங்க ரயிலுக்கு நிலம் எடுப்பதற்காக, அதன் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே கூடிவிடும், இல்லையா?

நான் அந்த அம்புக்குறி போடுகிற தரப்பைச் சேர்ந்தவன். நில அளவையிலேயே என் வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. ஒரு சின்னக் கோயிலின் சுவரில் குறி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தம்பி, இந்த இடத்துல ரயில் வருதா, ரயிலுக்குப் போற படி வருதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் கையில் இருந்த தாளில் 'மதக் கட்டடம் - 1' என்று மட்டும்தான் இருந்தது. ரயிலா, படிக்கட்டா? அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சுரங்க ரயில் ஓடுவது தரைக்குக் கீழே வெகு ஆழத்தில். இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டு போகும்போது மேலே இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஆட்கள் குடியிருந்துகொண்டேதான் இருப்பார்கள். தரையில் இடம் கேட்பவை வேறு. மேலிருந்து தோண்டிக் கட்டுகிற நிலையம், பயணிகள் ஏறி இறங்கும் வாசல், லிஃப்ட், காற்று போய்வருகிற கூண்டு, இவைதான். தண்டவாளத்தை நினைத்தபடி வளைக்க முடியாது. ரயில் வேகமாகத் திரும்ப வேண்டுமே, அதற்கு அகலமான வளைவு வேண்டும். படிக்கட்டு அப்படியில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வைக்கலாம், கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நடை கூடும், செலவு கூடும், உண்மைதான். ஆனால் 'செலவு கூடும்' என்பது வேறு, 'முடியாது' என்பது வேறு. கூட்டங்களில் முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. வீட்டில் யாரும் இப்போது கேட்பதில்லை, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

லண்டன் நகரின் நடுவில் செயின்ட் மேரி வுல்நாத் என்று ஒரு சர்ச். நிக்கோலஸ் ஹாக்ஸ்மோர் வடிவமைத்தது, 1727-இல் கட்டி முடித்தது. 1890-களில் சிட்டி அண்ட் சவுத் லண்டன் என்ற சுரங்க ரயில் நிறுவனத்துக்கு அந்த மூலையில் ஒரு நிலையம் தேவைப்பட்டது. இன்றைய பேங்க் நிலையம். அந்த சர்ச் கட்டடத்தை இடித்துக்கொள்ள அனுமதியும் கிடைத்துவிட்டது. கவனியுங்கள், அனுமதி கையில் இருக்கிறது. மக்கள் கொதித்து எழுந்தார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. சர்ச் வேண்டாம், அதன் அடியில் இருக்கிற மண் போதும் என்றது.

அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. சர்ச்சுக்குக் கீழே இருந்த கல்லறை அறையை வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த எலும்புகளை இல்ஃபோர்டு என்ற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி அடக்கம் செய்தார்கள். சுவர்களையும் உள்தூண்களையும் எஃகு உத்திரங்களில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நேர் கீழே லிஃப்ட் கிணறுகளைத் தோண்டினார்கள். நிலையம் 1900-இல் திறந்தது. பூச்சில் ஒரு கீறல் இல்லை. கட்டடம் முன்னைவிட உறுதியாகிவிட்டது என்று நிறுவனமே பின்னால் பெருமை பேசியது! இடிக்கப் போனவர்கள் சொன்னது இது. சர்ச் இன்றும் நிற்கிறது, கீழே ரயிலும் ஓடுகிறது. அந்த எஞ்சினீயர்களுக்கு முன்பே இது தெரியாதா? தெரிந்திருக்கும். யாரும் கேட்காததால் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எதிர்த்தால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடுமா என்றால், இல்லை. சென்னை ராயப்பேட்டையில் ஒயிட்ஸ் ரோடு. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் அங்கே இரத்தின விநாயகர், துர்க்கையம்மன் கோயில் இடம் பாதிக்கப்படும் என்று பக்தர்கள் நீதிமன்றம் போனார்கள். திட்டம் நகர்ந்தது. எங்கே நகர்ந்தது? அருகிலிருந்த ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் நிலத்துக்கு. இப்போது அவர்கள் நீதிமன்றம் போனார்கள். எங்களை யாரும் கேட்கவில்லையே என்றார்கள். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அவர்கள் நிலத்தை எடுக்கக் கொடுத்திருந்த நோட்டீஸை ரத்து செய்தது. சாலைக்காகக் கோயில் நிலத்தை எடுத்தால் கடவுள் மன்னிப்பார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னதும் அதில் நினைவுகூரப்பட்டது. கடவுள் மன்னிப்பார், எனக்கும் சந்தேகமில்லை. பக்கத்து நிலத்துக்காரர் மன்னிப்பாரா? கோயிலைக் காப்பாற்ற நாம் தள்ளிவிடுகிற படிக்கட்டு யார் வாசலில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? அங்கே கூட்டம் கூட்ட ஆள் இல்லாத ஒரு வீடு இருந்தால்?

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அம்புக்குறி விழுந்த பிறகு கூடுவது ரொம்பத் தாமதம். விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போது எல்லாம் பென்சில் கோடு. அழிக்கலாம். ஒப்பந்தம் கொடுத்த பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணம். ஆனால் பென்சில் கோட்டை நமக்கு யார் காட்டுகிறார்கள்? 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது, அதாவது நிலம் எடுத்தால் அங்கிருக்கிற மக்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறது. ஆனால் 1978-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டத்தைத் தன் நான்காவது அட்டவணையில் சேர்த்து, அந்தச் சட்டத்தின்படி எடுக்கிற நிலத்துக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டது. பெரியவர் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்குச் சட்டப்படியே இருந்திருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்.

இடம் மாறிப் போன கோயில்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில், தோபி காட் ரயில் நிலையத்துக்காக 1983-இல் இடம் பெயர்ந்தது. சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக வைத்தார்கள். கேலாங் ஈஸ்டில் புதுக்கோயில் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1993-இல். 'தற்காலிகம்' பத்து வருஷம். சுவாமிக்கு இடம் கிடைத்தது. பழைய கோயிலுக்குத் தினம் நடந்தே வந்துகொண்டிருந்த வயசானவர்கள் எத்தனை பேர் கேலாங்குக்குப் போனார்கள் என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் தேட முடியாது. கோயில் வாசலில் பூ விற்கிறவர், செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர், பட்டா இல்லாத இவர்களுக்கு இழப்பீடு பற்றியும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு நேரம்... இல்லை என்கிறார்கள். சரி. வணக்கம்.