31 பைகளும் ஒரு மஞ்சள் சேலையும்

வணக்கம் நேயர்களே. படுக்கையறையை ஒழுங்காக வைத்திருப்பது பற்றி வானொலியில் எட்டு நிமிடம் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். என் அறையைப் பார்த்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு ஒரு தகுதி உண்டு. பினாங்கில் முப்பது வருடம் அரசாங்கத் தாதியாக இருந்தேன், பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன தாயையும் பிள்ளையையும் போய்ப் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வருகிற மற்றவர்கள் ஹாலோடு நின்றுவிடுவார்கள். தாதி அப்படி நிற்க முடியாது, பிள்ளை இருப்பது அறைக்குள்ளே. ஆக, இந்தத் தீவில் நான் பார்த்த படுக்கையறைகளுக்குக் கணக்கே இல்லை.

பார்த்ததில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹால் எந்த அளவுக்குப் பளபளவென்று இருந்ததோ, அந்த அளவுக்கு அறை குப்பையாக இருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். யாரோ வருகிறார்கள் என்று போன் வந்ததும் சோபா மேல் கிடக்கிற துணி, பில், பள்ளிக்கூடப் பை, பாதி மடித்த திரைச்சீலை எல்லாவற்றையும் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்திவிடுகிறோம். வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். பை மட்டும் அறையிலேயே தங்கிவிடும்.

இந்தப் பைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. பினாங்குக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் கடையில் பை இலவசம் இல்லை என்றார்கள். 2011-இல் எல்லா நாளும் இல்லை என்று ஆக்கினார்கள், வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுக்க வேண்டும். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டில் என்ன நடந்தது? காசு கொடுத்து வாங்கிய பையை எப்படித் தூக்கிப் போடுவது என்று சேர்க்க ஆரம்பித்தோம். பை இருந்தால் அதில் போட ஏதாவது இருக்கத்தானே செய்யும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது நாங்கள் டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். தைப்பூசம் என்றால் சுங்கைப் பட்டாணியிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்துவிடுவாள். முதல் நாள் வெள்ளி ரதம் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போவது வழக்கம். அந்த வருடம் கூடவே இன்னும் ஆறு பேர் வருவதாகப் போன் வந்தது. ஹாலில் பாய் விரிக்க இடம் வேண்டுமே! பையனைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் சின்ன ரூமில் போடுடா" என்றேன். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் போட்டுவிட்டான். அத்தை வந்ததும் சோபா ஓரத்தில் வைத்த பையையும் சேர்த்து.

விடியற்காலை மூன்றரை மணிக்கு நாத்தனார் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள். "அண்ணி, என் மஞ்சள் சேலைப் பை எங்கே?"

சின்ன ரூம் கதவைத் தள்ளினோம், பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே பை மேல் பை. எல்லாம் ஒரே பேரங்காடியின் பை, எல்லாம் ஒரே நிறம், பையன் வேறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். என்ன செய்வது, ஒவ்வொன்றாக அவிழ்க்க உட்கார்ந்தோம். முதல் பையில் பழைய மின்சார பில். அடுத்ததில் ரைஸ் குக்கர் மூடி; குக்கரைத் தூக்கிப் போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. இன்னொன்றில் கல்யாணத்துக்கு மட்டும் போட வேண்டும் என்று நான் பத்திரப்படுத்திய காலணி. கையில் எடுத்தேன், அடிப்பாகம் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. அந்த மாதிரி மெத்தென்ற அடிப்பாகத்தை நம் ஊர் ஈரக்காற்றே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும், போடாமல் வைத்தாலும் தப்பாது. அப்புறம் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் என் வீட்டுக்காரரின் பிறப்புப் பத்திரம்! அதைக் காணோமென்று அலைந்து திரிந்து, காசு கட்டி வேறு நகல் எடுத்தாகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, டின்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மஞ்சள் சேலை 31-ஆவது பையில் கிடைத்தது. எண்ணியது நான் இல்லை, நாத்தனார். இன்றைக்கும் போன் எடுத்தால் "என்ன, முப்பத்தொண்ணு அண்ணி, சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அதனால்தான் சொல்கிறேன், அறையைச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் டப்பா வாங்க ஓடாதீர்கள். அழகான மூடிபோட்ட டப்பாவும் இன்னொரு பைதான். முதலில் பையை அவிழுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அவிழ்த்துக் கட்டில் மேல் கொட்டுங்கள். தரையில் கொட்டினால் தாண்டிப் போய்ப் படுத்துவிடுவீர்கள், கட்டிலில் கொட்டினால் முடிக்காமல் தூங்க முடியாது. கட்டி வைத்த பைக்குள் லேசாக ஈரம் இருந்தாலும் துணியில் கரும்புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் ஒரு காரணம்.

இதைவிட முக்கியமான ஒன்று, தாதியாகச் சொல்கிறேன். பெரிய பிள்ளையின் சட்டைகளைப் பாச்சை உருண்டை போட்டுக் கட்டி வைத்து, அடுத்த பிள்ளைக்கு அப்படியே எடுத்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நம் மலேசியாவில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி-6-பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நாப்தலினில் செய்த பாச்சை உருண்டையின் வாடையே ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கடுமையான மஞ்சள் காமாலை வந்து, கவனிக்காமல் விட்டால் மூளையைக்கூடப் பாதிக்கும். துவைத்து வெயிலில் காயவைத்த பிறகும் வாடை வந்தால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளை படுக்கிற அறையில் அந்த உருண்டையே வேண்டாம். பிள்ளைத்துணி இருக்கிற பையை இன்றைக்கே அவிழுங்கள், மற்ற பைகள் காத்திருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். நாற்காலியைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். ஒரு தடவை போட்ட, அழுக்கும் ஆகாத, அலமாரிக்குள்ளும் வைக்க மனம் வராத துணியெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்குமே, அந்த நாற்காலி. அதை அறையை விட்டே எடுத்துவிடுங்கள், கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கொக்கி அடியுங்கள், கொக்கி நிறைந்தால் துவைக்கப் போட வேண்டியதுதான். ஆனால் மாட்டிய துணியை நாள்கணக்கில் விடாதீர்கள், ஏடிஸ் கொசு பகலில் ஒளிந்திருப்பது தொங்குகிற துணிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும்தான். கட்டிலுக்கு அடியில் என்ன வைக்கலாம் என்பதற்கு ஒரு முழுத் தாளே எழுதி வந்தேன், அதற்கு நேரம் இல்லை. பழைய மெத்தை... அதற்கும் இல்லை, கையை மறுபடி காட்டுகிறார்.

சுங்கைப் பட்டாணியில் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியும் தங்கச்சி, இந்த வருடம் சேலைப் பையை உன் கையிலேயே வைத்துக்கொள். வணக்கம்.