முறுக்கைத்தான் பிடிக்கும், வேகத்தை அல்ல

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என் மனத்தை விட்டுப் போகவேயில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, மாதம் இரண்டு முறை பைக்கில் பெங்களூரு போய் வருகிறேன். சேலம் தாண்டுவதற்குள் வலது கை மரத்துவிடுகிறது. த்ராட்டில் லாக் மாட்டலாமா?"

மாட்டலாம் தம்பி. ஆனால் அது வேகத்தைப் பிடித்துவைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது வலது கைப்பிடியின் முறுக்கைத்தான் பிடித்துவைக்கும். நீங்கள் திருகிய இடத்திலிருந்து ஸ்பிரிங் பின்னால் இழுத்துவிடாமல் உராய்வால் நிறுத்துகிற ஒரு கவ்வி, அவ்வளவுதான். குரூஸ் கன்ட்ரோல் என்றால் வேகத்தை அளந்து, அது மாறாமலிருக்க மேட்டில் முறுக்கைக் கூட்டும், இறக்கத்தில் குறைக்கும். இதற்கு மேடும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

காற்றும் தெரியாது. நம் பாலக்காட்டுக் கணவாயில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? ஆடி மாதம் கோவையிலிருந்து வாளையார் வழியாக மேற்கே வாருங்கள். எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஒருமுறை அந்தக் கவ்வியைப் போட்டுக்கொண்டு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். வலது கை தொடையில். முன்னால் ஒரு வைக்கோல் லாரி. அதை நெருங்கியதும் காற்று மறைந்துவிட்டது, முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. வண்டி தானாக 80-ஐத் தொட்டு லாரியை நோக்கி ஓடியது! முறுக்கைத் தளர்த்துவதும் அதே கை, முன் பிரேக்கைப் பிடிப்பதும் அதே கை. அந்தக் கையோ தொடையில்.

எங்கள் பெரியப்பா சந்தை முடித்து மாட்டு வண்டியில் தூங்கிக்கொண்டே வருவார். பழைய நேயர்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சலித்திருப்பீர்கள், பரவாயில்லை. மாட்டுக்கு வீடு தெரியும். வழியில் ஆள் நின்றால் அதுவே நிற்கும். கவ்விக்கு அந்த அறிவு கிடையாது. ஆகவே மாட்டியதும் என்ஜினை அணைத்துவிட்டு, கவ்வியைப் போட்டபடியே பிடியைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண பலத்தில் மூட வேண்டும். பிரேக் பிடியில் எங்கும் உரசக் கூடாது. ஊருக்குள்ளும், மழையிலும், வளைவிலும் போடவே கூடாது. ஆளில்லாத நேர்சாலையில் விரல்களை நீட்டி மடக்க அரை நிமிடம், அதுவும் கையைப் பிடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கை ஏன் மரக்கிறது? முக்கால்வாசிப் பேர் கைப்பிடியைக் கிணற்றுக் கயிறு போல இறுக்கிப் பிடிக்கிறார்கள். கிளிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும். உடம்பைத் தாங்க வேண்டியது முழங்காலும் இடுப்பும், கை அல்ல. அடுத்து, பிரேக் பிடி மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக வரும்படி அதைக் கீழே இறக்கி முடுக்குங்கள். முறுக்குப் பிடியின் கேபிள் காய்ந்து கனமாகியிருந்தால் எண்ணெய் விடுங்கள். உள்ளங்கைக்குக் கீழே மாட்டுகிற சின்னப் பலகை ஒன்று கிடைக்கிறது; கை வைத்தால் முறுக்கும், எடுத்தால் விட்டுவிடும். எனக்கு அதுதான் பிடித்தது.

இன்னொன்று. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்தால் ஒரு நரம்பு, கட்டைவிரல் பக்கம் மரத்தால் வேறொரு நரம்பு. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், மெக்கானிக்கிடம் அல்ல. எந்த விரல் என்று நீங்கள் எழுதவில்லையே தம்பி. அடுத்த முறை எழுதுங்கள்.