குகைக்குள் மின்னும் பாசியும் பட்ட மரத்துக் காளானும்

வணக்கம் நேயர்களே. ஈரமான இடத்தில் சேர்ந்தே கண்ணில் படுவதால் பாசியையும் காளானையும் ஒரே குடும்பம் என்று நினைப்பவர்கள் நிறைய. பாறையில் மெத்தென்று படரும் பாசி ஒரு தாவரம், வெளிச்சத்தை வைத்துத் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். காளானோ தாவரமே கிடையாது, வம்சாவளிப்படி அது விலங்குகளுக்குத்தான் கிட்டத்து உறவு.

அரிய பாசி ஒன்றைச் சொல்கிறேன், ஸ்கிஸ்டோஸ்டீகா பென்னாட்டா. வடகோளத்தின் குளிர்ந்த பகுதிகளில், வேறு செடி பிழைக்க முடியாத குகை வாசலிலும் பாறை இடுக்கிலும், பொன்பச்சையாக மின்னும். அது தானாக ஒளி விடுவதில்லை. அதன் இளம் இழைகளில் இருக்கும் செல்கள் லென்ஸ் போல உப்பியிருக்கும், உள்ளே வரும் கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைக் குவித்துப் பின்பக்கத்தில் உணவு தயாரிக்கும் பசுங்கணிகங்கள் மேல் விழ வைக்கும், மிச்சம் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் வெளிச்சம் வரும் திசையில் நின்று பார்த்தால்தான் மினுமினுப்பு தெரியும், நம் நிழல் விழுந்தால் போச்சு. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு தாவர உலகில் தெரியாது!

இதை அரிது என்பதால் பலவீனமானது என்று எண்ண வேண்டாம். மங்கிய வெளிச்சம், குறையாத ஈரம், போட்டிக்கு ஆளில்லாத மண், இவை ஒன்றாக அமையும் இடம்தான் அரிது.

அப்புறம் ஸ்கிசோஃபில்லம் கம்யூன். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் பட்ட மரத்தில் ஒட்டியிருக்கும், காம்பில்லாத, சாம்பல் வெள்ளை நிறச் சின்ன விசிறிக் காளான். ஈரம் போனதும் இதன் அடிப்பக்கத்து மெல்லிய தகடுகள் நீளவாக்கில் பிளந்து, சுருண்டு, வித்து உருவாகும் பக்கத்தை மூடிக்கொள்ளும். காற்றில் போகும் வித்து எந்தக் கட்டையில் விழுந்தாலும் பிழைக்கப் பார்க்கும். ஆண், பெண் போல இணைசேரும் வகைகள் மட்டும் 20,000-க்கு மேல் இருப்பதால், முளைத்து வரும் இழைக்கு அந்நிய இழை எது எதிர்ப்பட்டாலும் அநேகமாகப் பொருந்திவிடும்.

இந்தக் காளானில் ஒன்றைப் பறித்தாலும் உடல் முழுக்க மரத்துக்குள் இழையாக ஓடுவதால் மறுபடி முளைக்கும். அந்தப் பாசியை விரலால் தேய்த்தால் மின்னும் இழையே போய்விடும். ஜப்பானில் இது வளரும் இடம் ஒன்றை 1921-லேயே இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். எங்காவது பார்க்கக் கிடைத்தால் தயவுசெய்து வெளியிலேயே நின்று பாருங்கள். காளான் விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம், காய்ந்த ஒன்றை எடுத்துத் தண்ணீர் தெளித்து வையுங்கள், சுருண்ட தகடுகள் மெல்ல நிமிர்ந்து விரிவதை ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.