மூட்டு தளர்வா இருக்கிற குழந்தைக்கு பிசியோதெரபி: எத்தனை சிட்டிங் வேணும்?

அடுத்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, படிச்சிடறேன். "என் பையனுக்கு 8 வயசு. சாயங்காலம் ஆனா முட்டி வலிக்குதுன்னு அழறான். ரெண்டு பக்கம் எழுதினா கை விட்டுப்போகுதுங்கிறான். ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். மூட்டு தளர்வா இருக்கு, ஹைப்பர்மொபிலிட்டி, பிசியோதெரபி போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எத்தனை சிட்டிங் வேணும்? கரன்ட் வைப்பீங்களா? யோகா கிளாஸ்ல அவன்தான் மேடம் ஃபர்ஸ்ட், அப்புறம் எப்படி வலி வரும்?"

அந்தக் கடைசி வரியிலதான்மா விஷயமே இருக்கு. அதுக்கு வர்றேன்.

கரன்ட் வைக்க வேண்டியதில்லை. வச்சாலும் மூட்டு இறுகாது. எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற ஜவ்வு இருக்கே, அது இந்தப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் நெகிழ்வா இருக்கும். எலாஸ்டிக் போன டிரவுசரைப் போட்டுக்கிட்டு ஓடற பையனை நினைச்சுப் பாருங்க. ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேதான் ஓடணும். உங்க பையனோட தசை நாள் முழுக்க அந்த வேலையைத்தான் பார்க்குது. சாயங்காலம் கால் வலிக்காம என்ன செய்யும்? அவன் சாக்கு சொல்லலை, நிஜமாவே களைச்சுப்போறான்.

டாக்டர் சில விஷயம் செஞ்சு பார்த்திருப்பாங்க. சுண்டுவிரல் பின்பக்கமா 90 டிகிரிக்கு மேல போகுதா, கட்டைவிரல் மணிக்கட்டுப் பக்கம் மடங்கி முன்கையைத் தொடுதா, முழங்கையும் முட்டியும் பின்னாடி வளையுதா, முட்டியை மடக்காம குனிஞ்சு உள்ளங்கையைத் தரையில வைக்க முடியுதா. பெய்ட்டன் ஸ்கோர்னு பேரு, மொத்தம் 9 மார்க். சின்னப் பசங்களுக்கு 6 அல்லது அதுக்கு மேல வந்தா தளர்வுன்னு எடுத்துக்குவோம். ஆனா அந்த மார்க் வியாதி கிடையாது. 9-க்கு 9 வாங்கிட்டு ஒரு வலியும் இல்லாம சுத்தற பிள்ளைங்க நிறைய இருக்காங்க. வயசு ஏற ஏற தளர்வும் கொஞ்சம் குறையும்.

இப்போ வேலைக்கு வருவோம். ஜவ்வை மாத்த முடியாது, தசையைப் பலமாக்க முடியும். முதல்ல அவனைப் பக்கவாட்டுல கண்ணாடி முன்னாடி நிக்க வைங்க. முட்டி வில்லு மாதிரி பின்னாடி வளைஞ்சு பூட்டிக்கிட்டு நிக்கும், பாருங்க. ஸ்கூல் பிரேயர்ல அப்படித்தான் நின்னுட்டிருப்பான். "முட்டியைப் பூட்டாதடா, லேசா விடு"ன்னு சொல்லி, நேரா நிக்கறதுன்னா என்னன்னு கண்ணால பார்த்துப் பழகட்டும். மூட்டு எங்க இருக்குங்கிற உணர்வே இவங்களுக்குக் கொஞ்சம் மங்கலா இருக்கும். அதனாலதான் கதவுல இடிச்சுக்கறது, பென்சிலை நசுக்கற மாதிரி பிடிக்கறது எல்லாம்.

அப்புறம் பல் தேய்க்கும்போது ஒத்தைக்கால்ல நிக்கறது. படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி, அஞ்சு எண்ணி, மெதுவா இறக்கறது. நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து உட்கார்றது. குதிகாலைத் தூக்கி நிக்கறது. கைக்கு, சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்க, ஈரத்துணியைப் பிழியச் சொல்லுங்க. எல்லாமே மெதுவா செய்யணும், அதுதான் கஷ்டம். வேகமா செஞ்சா தசை ஏமாத்திடும். தினமும் 10, 15 நிமிஷம் போதும், ஆனா மாசக்கணக்குல செய்யணும். நான் முதல் சில வாரம் வாரத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லுவேன், பிறகு மாசம் ஒரு தடவை, பயிற்சியைக் கூட்டிக் கொடுக்க மட்டும். மூணு மாசத்துக்கு முன்னாடி பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க.

விளையாட்டை நிறுத்தாதீங்க. நீச்சல், சைக்கிள் ரெண்டும் ரொம்ப நல்லது. ஞாயித்துக்கிழமை காலையில இருந்து இருட்டற வரைக்கும் கிரிக்கெட், திங்கட்கிழமை எழுந்திருக்க முடியலைன்னா, அந்த ஆட்டத்தைப் பிரிச்சு வாரம் பூரா போடுங்க.

யோகா. ஆசனம் செய்யட்டும், ஆனா எவ்வளவு வளையறான்னு பார்க்காதீங்க, எவ்வளவு நேரம் ஆடாம நிக்கறான்னு பாருங்க. அவனுக்கு வளையறதுல என்னங்க சாமர்த்தியம்? அது தானா வருது. சொந்தக்காரங்க வந்தா "விரலை மடக்கிக் காட்டுடா"ன்னு சொல்றதையும் இன்னியோட விட்டுடுங்க. கோச்சுக்காதீங்க, இதை நான் பார்க்காத வீடு இல்லை. நெட்டி முறிக்கறதும் வேண்டாம். கால் பிசகினா சுளுக்கு எடுக்கறேன்னு இழுத்து விடறவங்ககிட்ட கூட்டிட்டுப் போகவே போகாதீங்க. ஏற்கெனவே நெகிழ்ந்த ஜவ்வை இன்னும் இழுத்து வைக்கற வேலை அது.

ஒரு மூட்டு மட்டும் வீங்கினாலோ, சூடா இருந்தாலோ, காலையில விறைச்சுப் போனாலோ, நொண்டினாலோ, காய்ச்சலோட வலி வந்தாலோ, இந்த வீடியோவை மறந்துட்டு டாக்டரைப் பாருங்க. தோல் ரப்பர் மாதிரி இழுபடுது, சின்னக் காயம்கூட அகலமா தழும்பாகுதுன்னாலும் அதைச் சொல்லணும், அது வேற பரிசோதனை.

ஆங், எழுத்து. கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. கொஞ்சம் தடிமனான பென்சில், பாதம் தரையில படற உயரத்துல பெஞ்சு, நடுவுல ரெண்டு நிமிஷம் கையை உதறிக்க அனுமதி. கையெழுத்து மோசம்னு அதே பக்கத்தைப் பத்து தடவை எழுத வைக்காம இருந்தாலே அவன் கைக்குப் பாதி வலி குறையும்.