எச்சில், தாலி, புடவை: புதுச்சேரியில் தொடங்கிய ஒரு பழைய வழக்கு

(காட்சி: புதுச்சேரி மிஷன் வீதி, காலை நேரம். சம்பா கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயத்தின் முகப்பு.)

வணக்கம். பல்சமய உரையாடல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு மேடை. அதில் ஒரு சாமியார், ஒரு குருக்கள், ஒரு இமாம். மூன்று பேருக்கும் பொன்னாடை, ஒரு குத்துவிளக்கு, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை இந்த வார்த்தைக்கு வந்து சேர்ந்த கதையில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கதையில் பொன்னாடை இல்லை, பெரிய சண்டைதான் இருக்கிறது.

1703 நவம்பரில் இதே புதுச்சேரியில் திருத்தந்தையின், அதாவது போப்பின், தூதர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். பெயர் தூர்னோன். சீனாவுக்குப் போகிற வழியில் இங்கே தங்கியவர். உடம்பு சரியில்லாததால் உள்நாட்டு ஊர்களுக்கு அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே விசாரித்தார். 1704 ஜூலையில் கிளம்புவதற்கு முன்னால் ஓர் ஆணையை வெளியிட்டார்.

(காட்சி: பழைய கடல் வரைபடம். அதன் மேல் ஒரு தாலி.)

அதில் என்னவெல்லாம் இருந்தது என்று கேளுங்கள். பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கிறிஸ்தவப் பெண் அணியக் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது. திருநீறு பூசக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயிலில் வாசிக்கக் கூடாது. அப்புறம் ஒன்று, ஞானஸ்நானத்தில் எச்சில் சடங்கைத் தவிர்க்கக் கூடாது.

எச்சிலா? ஆமாம். ஐரோப்பாவில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது அன்றைய வழக்கம். இயேசு காது கேளாதவரைக் குணப்படுத்தியபோது செய்ததை நினைவுபடுத்துகிற சடங்கு. ஆனால் டம்ளரைக்கூட வாயில் படாமல் தூக்கிக் குடிக்கிற ஊரில் அது எப்படி எடுபடும்? இங்கே இருந்த சேசு சபை (ஜெசூட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். தூதர் முடியாது என்றார்.

அந்தக் குருக்களுக்கு முன்னோடி மதுரையில் இருந்தார். 1606 முதல் அங்கே காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் படித்த தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நொபிலி. பண்பாடு வேறு, சமயம் வேறு, கிறிஸ்துவை ஏற்க ஒருவன் தமிழனாக இருப்பதை விட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. வெள்ளைக்காரன் மாதிரி மாறினால்தான் கிறிஸ்தவன் என்பது எதிர்க்கட்சி. 1744இல் ரோம் ஏறக்குறைய எதிர்க்கட்சியின் பக்கம் நின்று முடிவு சொன்னது. இங்கே வரும் குருக்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோம் எடுத்துவிட்டது எப்போது தெரியுமா? 1940இல்.

தாலி என்ன ஆனது? சிலுவை போட்ட தாலி இருக்கலாம் என்று அந்த ஆணையே ஒரு வழி விட்டிருந்தது. எங்கள் அம்மாவின் தாலியில் ஒரு புறா இருக்கிறது. தூய ஆவியின் அடையாளம். சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து அடி வாங்கியிருக்கிறேன். அந்தப் புறாவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய தகராறு இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

(காட்சி: கோணான்குப்பம் பெரியநாயகி மாதா. புடவை மடிப்பு நெருக்கத்தில்.)

இப்போது கடலூர் மாவட்டத்துக்குள், விருத்தாசலம் பக்கம் போவோம். கோணான்குப்பம். இங்கே மாதாவின் பெயர் பெரியநாயகி. பெயர் வைத்தவர் இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். மாதாவுக்குப் புடவை கட்டிப் பார்த்தவர் அவர். பக்கத்து விருத்தாசலம் சிவன் கோயிலில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பைத் தேம்பாவணி காவியத்தில் 'வளன்' ஆக்கி, 3,615 பாடல்களில் அவர் கதையைச் சொன்ன மனிதருக்கு ஒரு பெயரின் கனம் தெரியாதா?

இந்தக் கோயிலைப் பற்றி ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு. காட்டில் கிடைத்த மாதா சிலையால் குழந்தை பிறந்தது என்று நம்பிய முகாசாபரூர் கச்சிராயர் என்ற ஜமீன்தார் முதலில் கோயில் எழுப்பினாராம். அவர் இந்து. கதையில் எவ்வளவு வரலாறு என்று நான் வாதாடப் போவதில்லை. தங்கள் கோயில் பிறந்த கதையை ஓர் இந்துவின் வேண்டுதலில் தொடங்கிச் சொல்ல இந்த ஊர் கத்தோலிக்கர்களுக்குக் கூச்சமே இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வீரமாமுனிவரை முழுக்கப் புனிதராக்கிவிடவும் வேண்டாம். திருக்குறளை லத்தீனுக்குக் கொண்டுபோன அதே கை, தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களை விளாசித் தள்ளியும் எழுதியது. அடுத்த மதத்துக்காரனை மதிப்பது சில சமயம் சுலபம், சொந்தப் பங்காளியை மதிப்பதுதான் கஷ்டம்.

(காட்சி: வத்திக்கான், 1965. கறுப்பு வெள்ளைப் படம்.)

சரி, திருச்சபையின் அதிகாரப்பூர்வ நிலை எப்போது மாறியது? 1965 அக்டோபர் 28. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்ற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. லத்தீனில் அதன் முதல் வார்த்தைகள் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே', 'நம் காலத்தில்' என்று அர்த்தம். ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. இந்தச் சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது அது.

இதை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று ரோம் சொன்னதாகத் தோன்றும். அதே பத்தியிலேயே, கிறிஸ்துவே வழி, உண்மை, வாழ்வு என்று அறிவிக்கும் கடமை திருச்சபைக்கு உண்டு என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அது கத்தோலிக்க நிலை. என் நம்பிக்கையை நான் மறைக்க வேண்டாம், உன் நம்பிக்கையை நான் மட்டம் தட்டவும் வேண்டாம். சொல்வது சுலபம், கூட்டத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தெரியும்.

1969இல் ரோம் இந்தியத் திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்கு, பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது. ஆரத்தி, எண்ணெய் விளக்கு, கைகூப்பி வணங்குவது எல்லாம் அப்படி வந்தவை. ஞானஸ்நானத்தில் இப்போது எச்சில் கிடையாது. வழக்கு ஒருவழியாக முடிந்தது போலத்தான் இருக்கிறது.

முடியவில்லை. தூர்னோன் ஆணையில் இன்னொன்றும் இருந்தது. பறையர் வீடுகளில் நோயாளி கிடந்தால் குரு உள்ளே போய் அருளடையாளம் என்ற திருச்சடங்கைக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். இதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணமும் 'ஊர் வழக்கம்'தான். இந்த இடத்தில் நான் தூதர் பக்கம். பண்பாடு என்று கதவைத் திறந்தபோது சாதியும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரி கோயிலுக்குள்ளே பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், 1745 அக்டோபரில் அது இடிக்கப்பட்டதையும் அன்றைக்குப் புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். செங்கல் சுவர் அன்றைக்கு விழுந்தது. கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சில சுவர்கள் நிற்கின்றன. ஆரத்தியும் குத்துவிளக்கும் யாருடைய பண்பாடு, எங்கள் பறை எங்கே என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது இந்த வலியிலிருந்துதான்.

(காட்சி: மீண்டும் சம்பா கோயில். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகர்கிறது.)

இன்னொரு சுவரையும் சொல்லாமல் போக முடியாது. இந்தக் கோயிலை ஒட்டி ஒரு காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்சி அதை இடித்தது. அதற்குச் சேசு சபையார் வெகு காலமாக ஆசைப்பட்டதையும் பிள்ளை மனம் வெந்து எழுதியிருக்கிறார். பிறகு அந்த ஈசுவரனுக்கு வேறு தெருவில் கோயில் எழும்பியது. நான் கத்தோலிக்கன். இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நல்லிணக்கம் பற்றி இந்த வீடியோவைப் போட எனக்கு வாய் வராது.

(காட்சி: வில்லியனூர். லூர்து மாதா கோயிலும் எதிரே குளமும்.)

உரையாடலுக்கு நான்கு வகை உண்டு என்று 1991இல் வத்திக்கான் ஓர் ஆவணத்தில் சொன்னது. அறிஞர்கள் இறையியல் பேசுவது ஒன்று. சேர்ந்து பொதுக்காரியம் செய்வது ஒன்று. செப, தியான அனுபவத்தைப் பகிர்வது ஒன்று. எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தது வாழ்வு உரையாடல், அதாவது பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது.

அதைப் பார்க்க வில்லியனூர் போதும். இந்தப் பக்கம் லூர்து மாதா, அந்தப் பக்கம் திருக்காமீஸ்வரர். அந்தச் சிவன் கோயில் தேரைப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கவர்னரைப் பற்றி இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை குளத்துப் படியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா, கையில் மெழுகுவத்தியும் ஒரு முழம் மல்லிகையும்.

"பூசைக்கு வருவீங்களாம்மா?" என்றேன்.

"பூசைக்கெல்லாம் வரமாட்டேன் தம்பி. சனிக்கிழமை மாதா. வெள்ளிக்கிழமை எங்க ஊர் திரௌபதை அம்மன்."

"ரெண்டு பேரும் ஒண்ணுதானா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எப்படி ஒண்ணாகும்? இவங்க மாதா, அவங்க அம்மன்."

இறையியல் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் இவ்வளவு தெளிவு வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது. மல்லிகையை என் மடியில் வைத்து, "மாதாவுக்குப் போட்டுடு சாமி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

போட்டுவிட்டு வந்தேன்.