முதலிடம் பெற்ற கதை தமிழுக்கு வர வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மாதந்தோறும் இந்தக் கூடத்தை நமக்காகத் திறந்து வைத்து, கடைசி ஆள் கிளம்பும் வரை காத்திருந்து விளக்கணைத்துச் செல்லும் நூலகர் அம்மையார் அவர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். அம்மையார் இல்லையென்றால் இந்த வாசகர் வட்டமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிய லைட் நாவல்களின், அதாவது இளைஞர்களுக்காக ஓவியங்களோடு வரும் எளிய நடை நாவல்களின், ஆண்டுத் தரவரிசையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: வாக்குகளை எப்படி எண்ணுகிறார்கள், பட்டியல் ஏன் இரண்டாகப் பிரிந்தது, ஓவியர்களுக்கும் கதாபாத்திரங்களுக்கும் ஏன் தனி வரிசை இருக்கிறது என்பன அவை.

தகராஜிமாஷா பதிப்பகம் 2004 முதல் ஆண்டுதோறும் 'கோனோ லைட் நாவல் கா சுகோய்!' என்ற தரவரிசைக் கையேட்டை வெளியிடுகிறது. 'இந்த லைட் நாவல் அபாரம்!' என்பது அதன் பொருள். நவம்பர் வாக்கில் வரும் இதழ் அடுத்த ஆண்டின் எண்ணைத் தாங்கியிருக்கும். வாசகர்கள் இணையத்தில் இடும் வாக்கும், புத்தகக் கடை ஊழியர்கள், விமரிசகர்கள் போன்றோர் இடும் வாக்கும் புள்ளிகளாகி ஒன்றுசேர்கின்றன. இது விற்பனைக் கணக்கன்று. ஊர் கூடித் தேர் இழுப்பது. 2018 மார்ச்சில் முதல் தொகுதி வெளியான 'சபிகுய் பிஸ்கோ', ஒரு புதிய எழுத்தாளரின் படைப்பு, அந்த ஆண்டு இறுதியில் வந்த 2019 பதிப்பிலேயே பாக்கெட் நூல் பிரிவில் முதலிடம் பெற்றது. அதன் அனிமே, அதாவது அசைபடத் தொடர், வந்தது 2022-இல்தான். 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' 2012 பதிப்பில் முதலிடம் பெற்றபோதும் அதன் அனிமே தொடங்கியிருக்கவில்லை. திரை கண்டுகொள்வதற்கு முன்பே வாசகர்கள் கண்டுகொண்டார்கள் என்பதால்தான் இந்தப் பட்டியலை நான் நேசிக்கிறேன்.

2017 பதிப்பிலிருந்து 'புன்கோ' எனப்படும் பாக்கெட் அளவு நூல்களுக்கு ஒரு வரிசையும், பெரிய அளவு நூல்களுக்கு ஒரு வரிசையும் தனித்தனியே வரலாயின. இணையத்தில் தொடராக எழுதப்பட்டுப் பெரிய நூலாக வந்த கதைகளுக்குத் தனிக் களம் கிடைத்தது. அந்தக் களத்தில் 2018, 2019 ஆகிய இரு பதிப்புகளிலும் முதலிடம் பெற்றது மியா கஸுகியின் 'ஹொன்ஸுகி நோ கெகோகுஜோ'. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. புத்தகப் பித்துப் பிடித்த ஒருத்தி, புத்தகம் என்பது பிரபுக்களின் சொத்தாக மட்டும் இருக்கும் உலகில், ஒரு காவல் வீரனின் 'மைன்' என்ற நோஞ்சான் மகளாக மறுபிறவி எடுத்து, தன் கையாலேயே புத்தகம் செய்ய முயலும் கதை அது.

இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அக்காள் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மின்சாரம் இல்லாத ஓர் இரவில், கைப்பேசி வெளிச்சத்தில் இந்தக் கதையின் ஆங்கில நூலை வைத்துக்கொண்டு, எங்கள் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டி வெற்றிலையை மடித்தபடி 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். மைன் களிமண் பலகை செய்கிறாள். அது சூளையேறும்போது வெடித்துவிடுகிறது. பாட்டி, "பச்சை மண்ணை அடுப்பில வைச்சா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். பிறகு மைன் மரத்தைச் சீவிச் சீட்டுச் சீட்டாக எழுதிச் சேர்த்து வைக்கிறாள். அவள் தாய் விறகென்று நினைத்து அவற்றை அடுப்பில் போட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் பாட்டியின் 'உம்' நின்றுவிட்டது. மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. வெகு நேரம் கழித்து, "நானும் போட்டிருக்கேன்டி. உங்க கொள்ளுத்தாத்தா பரண்ல வைச்சிருந்த ஏட்டுக் கட்டெல்லாம் செல்லரிச்சுப் போச்சுன்னு வெந்நீர் அடுப்புலதான் போட்டேன். நல்லா எரிஞ்சுது" என்றார். அறுபது ஆண்டுகளாக எங்களில் ஒருவரிடமும் சொல்லாத செய்தி அது. மறுநாள் விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளை அப்புறம் எதுல எழுதிச்சு?" என்பதுதான்.

எண்பது வயதுத் தமிழ்ப் பெண்ணுக்கும் ஜப்பானில் எழுதப்பட்ட ஒரு கதைக்கும் நடுவே அன்று ஓர் ஆங்கில நூல் நின்றது. அந்த இடையாளைத் தவிர்த்து, ஜப்பானிய மொழியிலிருந்து நேரே தமிழுக்கு இந்தக் கதைகள் வர வேண்டும் என்பதற்காகவே நான் மேடை மேடையாக ஏறுகிறேன். ஜப்பானிய வாக்கியமும் தமிழ் வாக்கியமும் பெரும்பாலும் வினையில்தான் முடிகின்றன. அங்கே எளியவர் பேச்சு வேறு, உயர்ந்தோர் முன் பேசும் பணிவுப் பேச்சு வேறு. மைன் கீழ்நிலையிலிருந்து மேலேற ஏற அவள் நாக்கும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக வைத்திருக்கும் நம் மொழியில் அந்த ஏற்றம் ஒவ்வொரு வரியிலும் கேட்கும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். அந்த மரச்சீட்டுக்கு ஜப்பானியர் 'மொக்கான்' என்பார்கள். அவர்களுடைய பழைய அரசு அலுவல்கள் அதிலும் எழுதப்பட்டன. நமக்கு ஏடு என்றால் என்னவோ, அவர்களுக்கு அது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரால் மட்டும் இது ஆகாது. உரிமை வாங்கப் பதிப்பாளர் வேண்டும், மொழி கற்ற இளைஞருக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும், படி வாங்க நூலகம் வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் நம் கோரிக்கையைப் பெற்றுக்கொள்ள இசைந்திருப்பது அவர்களுடைய பெருந்தன்மை. அதற்கு இந்த வட்டத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால், ஓவியர் வரிசையை அடுத்த மாதத்திற்கு வைத்துக்கொள்கிறேன். வாசலருகே மேசையில் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. தமிழில் எந்தக் கதையை முதலில் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் பக்கத்தில், நடுங்கிய எழுத்தில், என் பாட்டியின் கையெழுத்து இருக்கிறது.